டிசைன் படிக்காமல், நிரல் எழுதியே தமிழில் ஜெனரேட்டிவ் டைப்போகிராஃபி (விதிகளைக் கொடுத்து எழுத்து வடிவங்களை உருவாக்குவது) செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். பிரவுசரில் படம் வரைய உதவும் பி5 ஜேஎஸ் என்ற நிரல் நூலகத்தில் ஆங்கில எழுத்துகளை ஆட்டிப் பார்த்திருப்பீர்கள், தமிழைப் போட்டதும் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகப் பிய்ந்திருக்கும். அதற்கும் உங்கள் படிப்புக்கும் சம்பந்தமில்லை.

ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் என் சித்தப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகைக் கரையேற்றி வர்ணம் அடிப்பது அப்போதுதான். "பேரை மட்டும் நீ கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுடா" என்றார். பெயர் 'அந்தோணியார்'. காற்றின் வேகத்தைக் கொடுத்தால் கோடுகள் அதற்கேற்ப நெளிகிற மாதிரி நிரல் எழுதினேன். வடகடல் சும்மா கிடக்கிற நாளில் எழுத்து நேராக நிற்கும். கச்சான் காற்று வீசினால் சாய்ந்துகொள்ளும்.

சிக்கல் 'தோ'வில்தான். யூனிகோடில் த முதலில், அதன் பின்னால் ஓகாரக் குறி. திரையிலோ அது இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்து 'த'வின் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஒவ்வொரு குறியாக வெட்டி வரைந்தால் த தனியே நிற்கும், குறி புள்ளிவட்டத்தோடு தனியே நிற்கும். அதனால் முழுச் சொல்லையும் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருளிடம் கொடுத்து, அது அடுக்கித் தருகிற வடிவங்களின் வெளிக்கோட்டை எடுத்து, பிறகுதான் பெர்லின் நாய்ஸால் (சீராக ஏறி இறங்கும் தற்செயல் எண்களால்) அசைக்க வேண்டும். மெய்ப்புள்ளிக்கு மட்டும் தனி விதி வைத்தேன்: எழுத்தோடு சேர்ந்து நகரும், தனியாக அலையாது. புள்ளி காணாமல் போனால் 'அநதோணியார' ஆகிவிடுமே.

எழுத்தைக் கெடுக்கிறாய் என்று இங்கேயும் சிலர் வருவார்கள். 1970களின் கடைசியிலேயே கணினி அறிஞர் டொனால்ட் நூத், தான் உருவாக்கிய மெட்டாஃபாண்ட் என்ற நிரல்மொழியில் எழுத்து வடிவங்களைக் கணிதச் சமன்பாடுகளாக எழுதினார். 1990 வாக்கில் வந்த பியோவுல்ஃப் எழுத்துரு, அச்சாகும்போதே ஓரங்களை மாற்றிக்கொள்ளும். லத்தீன் எழுத்து அதனால் அழிந்துவிடவில்லை. பெயின்டர் பிழைப்பையும் நான் கெடுக்கவில்லை. வெளிக்கோட்டைத் தாளில் எடுத்துக் கொடுத்தேன், பெயின்டர் அண்ணன்தான் ஒற்றியெடுத்து எனாமலில் எழுதினார். கூலி முழுக்க அவருக்குத்தான்.

எனக்கு ஆத்திரம் வேறு விஷயத்தில். அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்த ஃப்ளெக்ஸ் கடைக்காரர் கோப்பை வைத்துக்கொண்டு, கேட்காமலே ஒரு திருவிழா பேனரில் அதே எழுத்தைப் போட்டுக் காசு வாங்கிவிட்டார். கேட்டால், "கம்ப்யூட்டர் போட்டதுதானே தம்பி" என்கிறார். அந்த விதிகளை உட்கார்ந்து எழுதியது கம்ப்யூட்டரா?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழுத்தெழுத்தாகப் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் பிரவுசரிலேயே இருக்கிற, சொல்லை எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) போதும். 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றை அது இரண்டாக வெட்டும், அவற்றை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.