கேள்வி–பதில்: டெஸ்லா காயில் ஏன் வேலை செய்யவில்லை?

கேள்வி: பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக 9 வோல்ட் பேட்டரியில் இயங்கும் சின்ன டெஸ்லா காயில் கட்டினேன். 2என்2222ஏ டிரான்சிஸ்டர், 22 கிலோஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி. சர்க்யூட் படத்தில் உள்ளபடிதான் இணைத்தேன். விளக்கு எரியவில்லை, டிரான்சிஸ்டர் மட்டும் கை வைக்க முடியாமல் சுடுகிறது. என்ன தவறு?

பதில்: முதலில் பிரைமரியின் (தடித்த வயரில் சுற்றிய சிறிய காயில்) இரண்டு முனைகளையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். இந்தச் சர்க்யூட்டில் செகண்டரியின் (மெல்லிய கம்பியில் பல சுற்று சுற்றிய காயில்) அடிமுனை, டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் காலான பேஸுடன் இணைந்து, டிரான்சிஸ்டரை மாறி மாறித் திறந்து மூட வேண்டும். பிரைமரி திசை தவறினால் அந்த அலைவு தொடங்காது. அப்போது டிரான்சிஸ்டர் பாதி திறந்தபடியே நின்றுவிடும். மூன்றே சுற்றுள்ள பிரைமரிக்கு மின்தடை கிட்டத்தட்ட இல்லை என்பதால், பேட்டரியின் 9 வோல்ட்டும் டிரான்சிஸ்டர் மேல்தான் விழும். சூடு அங்கிருந்து வருகிறது.

அதற்கும் மசியவில்லை என்றால் டிரான்சிஸ்டரின் கால்களைப் பாருங்கள். தட்டை முகம் உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், பிஎன்2222ஏ-யில் இடமிருந்து எமிட்டர், பேஸ், கலெக்டர். பி2என்2222ஏ என்று அச்சிட்டிருந்தால் வரிசை அப்படியே தலைகீழ். கடையில் இரண்டையும் 2என்2222ஏ என்றே சொல்லிக் கொடுப்பார்கள்.

எல்இடியின் குட்டைக் கால் பேஸுக்கும், நீளக் கால் எமிட்டரும் பேட்டரி நெகட்டிவும் சேரும் இடத்துக்கும் போக வேண்டும். இப்படிப் போட்டால் சாதாரணமாக அது எரியாது. அலைவு தொடங்கினால்தான் ஒளிரும். அதனால் அதுவே உங்கள் சோதனைக் கருவி.

செகண்டரிக்கு 20 மி.மீ. பிவிசி குழாயில் 36 கேஜ் எனாமல் கம்பி 300 சுற்று போதும். மோட்டார் காயில் கட்டும் கடையில் கேளுங்கள், சுமார் 19 மீட்டர் வேண்டும். சுற்று முடிந்ததும் உயரம் ஆறரை செ.மீ. அளவில் இருக்கும். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறினால் அந்த இடத்தில் எனாமல் பொத்துப்போய் சுற்றுகள் ஷார்ட் ஆகும், அலைவு அடங்கிவிடும். முனைகளில் எனாமலை உப்புத்தாளால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்த பிறகே சால்டர் வையுங்கள். இதை விட்டவர்கள்தான் அதிகம்.

பிரைமரிக்கு உறையுள்ள தடித்த வயர் 3 சுற்று, செகண்டரியின் அடிப்பக்கம். செகண்டரியின் மேல்முனையில் அலுமினியத் தாள் சுற்றிய சிறு பந்து. சின்னச் சதுர 9 வோல்ட் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். ஆறு ஏஏ செல்களைத் தொடராக வைப்பது மேல். சோதிக்க சிஎஃப்எல் விளக்கை அருகில் பிடியுங்கள், எல்இடி பல்பு வேண்டாம்.

கேள்வி: இது உண்மையில் டெஸ்லா காயில்தானா?

பதில்: கறாராகப் பார்த்தால் இல்லை. 1891-இல் நிக்கோலா டெஸ்லா உருவாக்கியதில் பிரைமரி, செகண்டரி இரண்டும் தனித்தனியே ஒரே அதிர்வெண்ணுக்கு இசைவிக்கப்பட்ட சர்க்யூட்டுகள். பிரைமரியில் கெப்பாசிட்டரும் தீப்பொறி இடைவெளியும் இருக்கும். உங்களுடையதில் செகண்டரி மட்டுமே இசைகிறது, டிரான்சிஸ்டர் அதைப் பின்தொடர்கிறது. அதனால்தான் இசைவிக்கும் தொல்லை இல்லை. கண்காட்சியில் யாராவது கேட்டால் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நீளமான பொறி வேண்டும். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். அது சுமார் 2,000 வோல்ட்டை, ஆளைக் கொல்லத் தேவையானதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்துடன் தரும். ஒரு தொடுதலே போதும். அடுப்பைப் பிரிப்பதும் ஆபத்து: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். 9 வோல்ட் காயிலிலும் மேல்முனையைத் தொட்டால் தோலில் சிறு தீக்காயம் வரும். பேஸ்மேக்கர் வைத்தவர்களை அதன் அருகே விடாதீர்கள். செல்போனையும் தள்ளி வையுங்கள்.