குறி மறையும் நேரம் ஏன் ஒழுங்காக வரவில்லை?

தயோசல்பேட் கரைசலில் அமிலம் சேர்த்தால் கந்தகம் பிரிந்து கலங்கும்; குடுவைக்கு அடியில் தாளில் போட்ட பெருக்கல் குறி மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, செறிவு மாறினால் வினையின் வேகம் எப்படி மாறுகிறது என்று அளக்கிறீர்கள். நேரம் ஒழுங்காக வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள்; உங்கள் அட்டவணையைப் பார்த்தேன். தயோசல்பேட் கரைசலை 50, 40, 30, 20, 10 மி.லி. என்று குறைத்துக்கொண்டே போயிருக்கிறீர்கள், ஒவ்வொன்றிலும் 5 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஆனால் தண்ணீர் சேர்த்ததாக எங்கும் இல்லை. சிக்கல் அங்கேதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.லி.யோடு 5 சேர்ந்தால் 55-இல் 50 பங்கு, அதாவது சுமார் 91 சதவீதம். 10 மி.லி.யோடு 5 சேர்ந்தால் 15-இல் 10, சுமார் 67 சதவீதம். ஐந்தில் ஒன்றாகக் குறைத்ததாக நினைத்தீர்கள், செறிவு கால்பங்குதான் குறைந்திருக்கிறது. அதோடு அமிலத்தின் செறிவு ஏறிவிட்டது. இன்னொன்று, திரவத்தின் ஆழம் குறைந்தால் அதே அளவு கந்தகக் கலங்கல் இருந்தும் அடியில் உள்ள பெருக்கல் குறி அதிக நேரம் தெரியும். மூன்றும் ஒன்றாக மாறினால் முடிவு எப்படி ஒழுங்காக வரும்?

எனவே முதலில் தண்ணீர் விட்டு 50 மி.லி. ஆக்குங்கள், அப்புறம் அமிலம். எல்லாவற்றுக்கும் ஒரே கூம்புக் குடுவை, ஒரே தாள், பார்ப்பதும் ஒரே ஆள். வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள்; பல வினைகளில் 10 டிகிரி கூடினாலே வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். காலையில் பாதி, மதியம் மீதி என்று செய்யாதீர்கள்.

வரைபடத்தில் நேரத்துக்குப் பதில் 1/நேரத்தைப் போடுங்கள். கிட்டத்தட்ட நேர்கோடு வரும்.

கந்தக டை ஆக்சைடு வெளிவரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் குடுவைக்கு மேல் குனியவே வேண்டாம்.