வாக்கியக் கணக்கென்றால் முழிக்கும் பிள்ளைகளுக்கு…

தாராவியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் வாசகி கேட்கிறார்: "போர்டில் போட்டுக் காட்டிய கணக்கை அப்படியே போடுகிறார்கள். வாக்கியக் கணக்கு வந்தால் முழிக்கிறார்கள். போர்ஷனும் முடிக்க வேண்டும். என்ன செய்யலாம்?"

எல்லா வகுப்பும் 'நான் போடுகிறேன், நீ எழுது' என்றே போனால் இப்படித்தான் ஆகும். சில நாள் வாதம், சில நாள் வரைபடம், சில நாள் வெறும் பயிற்சி என்று மாற்றிப் பாருங்கள்.

விகிதத்தை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் இட்லி அவித்து மும்பை முழுக்கக் கொண்டுபோய் விற்கிற பகுதி உங்களுடையது. "4 படி அரிசிக்கு 1 படி உளுந்து. 6 படிக்கு?" என்று மட்டும் கேளுங்கள், சூத்திரம் வேண்டாம். யாராவது 3 என்பார்கள். அரிசி 2 கூடினால் உளுந்தும் 2 கூட வேண்டும் என்பது அவர்கள் நியாயம். உடனே தப்பு என்று சொல்லிவிடாதீர்கள். "சரி, அப்போ 8 படிக்கு 5 படியா?" என்று கேளுங்கள். மாவரைப்பதைப் பார்த்த பிள்ளை சண்டைக்கே வரும்: 8 என்றால் இரண்டு மடங்கு, உளுந்து 2தான். அப்புறம் 6க்கு ஒன்றரை என்று அவர்களே வந்து சேர்வார்கள். கூட்டுவதா, பெருக்குவதா என்ற குழப்பம்தான் விகிதத்தில் பெரிய சிக்கல். அது தீர ஒரு வகுப்பு முழுக்கப் போனாலும் நஷ்டமில்லை. மறுநாள் பத்துக் கணக்கு கொடுத்துப் பழக்குங்கள்.

வேகத்துக்கு லோக்கல் ரயில். மும்பையின் சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) நிலையத்திலிருந்து தானே என்ற ஊர் சுமார் 34 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆனால் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். "வண்டி இதைவிட வேகமா போகுதே டீச்சர்!" என்பார்கள். தூரம்–நேர வரைபடம் போடச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் இடமெல்லாம் கோடு படுத்துவிடும். சில நிலையங்களில் மட்டும் நிற்கும் ஃபாஸ்ட் லோக்கலையும் அதே தாளில் வரையட்டும்.

வாக்கியக் கணக்கில் முதலில் எண்களை மறைத்துவிடுங்கள். "கடைக்காரர் வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்றார். இதில் என்ன கேட்கலாம்?" வீட்டில் பேசும் தமிழிலேயே சொல்லட்டும். எண் கண்ணில் பட்டதும் கூட்டவோ கழிக்கவோ பாய்வது இதில் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் கடைத்தெரு உதாரணம் தேடி அலைய வேண்டாம். குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்குவதற்குக் கடன், லிஃப்ட் என்று கதை கட்டினால் குழப்பமே மிஞ்சும். 2×(−3)=−6, 1×(−3)=−3, 0×(−3)=0 என்று வரிசையாக எழுதி, அடுத்த வரியில் (−1)×(−3) என்ன வரும் என்று கேட்டால் போதும்.