கடன் அவருடையது, கையெழுத்து யாருடையது?

கேள்வி: என் கணவர் இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு வங்கிகளில் கிரெடிட் கார்டு பாக்கி 38,000 வெள்ளி என்று கடிதம் வந்த பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும். "மாதம் 400 வெள்ளி கட்டுகிறேன் என்று ஒரு ஃபார்மில் கையெழுத்துப் போட்டால் போதும் மேடம்" என்று போன் வருகிறது. புருஷன் கடனைப் பெண்டாட்டிதான் அடைக்க வேண்டும் என்கிறார் கொழுந்தனார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்கள் இருவர் பெயரிலும் இருக்கிறது. அது போய்விடுமா?
- சிங்கப்பூர், ஈசூன் வாசகி

பதில்: அந்த ஃபார்மில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? இல்லையென்றால் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மனைவி என்ற ஒரே காரணத்துக்காகக் கணவரின் கடன் உங்கள் தலையில் விழாது. சிங்கப்பூரில் அது அவர் விட்டுப்போன சொத்திலிருந்து அடைய வேண்டிய கடன். அதிலும் ஈமச்சடங்குச் செலவுக்கும் சொத்து நிர்வாகச் செலவுக்கும் போகத்தான் கார்டு பாக்கிக்கு. சொத்து பற்றவில்லையா, மீதி வங்கிக்கு நட்டம். ஆனால் 'நான் கட்டுகிறேன்' என்று நீங்களே எழுதிக்கொடுத்தால் அது உங்கள் கடனாகிவிடும். கூட்டாக வாங்கிய கடனும் ஜாமீன் நின்ற கடனும் அப்படித்தான். அவர் கணக்கில் உங்களுக்குத் துணை கார்டு இருந்தால், அதன் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்.

வீடு ஜாயின்ட் டெனன்சி (கூட்டு உரிமை) முறையில் இருந்தால் அவர் பங்கு நேராக உங்களுக்கு வந்துவிடும். வீட்டுக்கடன் மட்டும் இருவர் பேரிலும் இருந்தால் அது தொடரும்; கடன் வாங்கியவர் இறந்தால் வீட்டுக்கடனை அடைக்கும் இல்லப் பாதுகாப்புத் திட்டக் காப்புறுதி இருந்ததா என்று பாருங்கள். அவருடைய மசே நிதி (மத்திய சேம நிதி) பணம் சொத்துக் கணக்கிலேயே சேராது, கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. மசே நிதி உறுப்பினர்களுக்கான ஆயுள் காப்புறுதியான சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டத்தில் அவர் இருந்து, வயது 60-க்குள் என்றால் 70,000 வெள்ளி வரை வரும். இதைக் கேட்டு வாங்காமல் விட்ட குடும்பங்களும் உண்டு.

நான் பயப்படுவது இன்னொன்றுக்கு. அவருடைய ஏடிஎம் கார்டும் பின் நம்பரும் உங்களிடம் இருக்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கென்று மெஷினில் போய் எடுப்பது பல வீடுகளில் நடப்பதுதான். அவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கு என்றால் அதைத் தொடாதீர்கள். எடுத்துச் செலவழித்த தொகைக்கு நீங்கள் பதில் சொல்ல நேரிடும். ஏற்கெனவே எடுத்திருந்தால் சவப்பெட்டி, வண்டி, மண்டாய் தகனச்சாலை என்று ஒவ்வொரு ரசீதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

சரி, வங்கிக்கு என்ன சொல்வது? போனில் எதுவும் பேச வேண்டாம். இறப்புச் சான்றிதழ் 2022-லிருந்து டிஜிட்டலாகத்தான் கிடைக்கிறது. அதன் பிரதியோடு, 'பாக்கியை அவருடைய சொத்தின்மேல் எழுத்தில் கோருங்கள்' என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். அந்த கார்டு பாக்கிக்குக் காப்புறுதி இருந்ததா என்றும் கேளுங்கள். உயில் இல்லாமல் சொத்து 50,000 வெள்ளிக்குள் என்றால் சிறிய சொத்துகளை நிர்வகித்துத் தரும் அரசின் பப்ளிக் டிரஸ்டி அலுவலகத்தை அணுகிப் பாருங்கள். அதற்கு மேல் போனால் வழக்கறிஞர் வேண்டியிருக்கும்.

கொழுந்தனார் மறுபடியும் ஆரம்பித்தால், அந்த ஃபார்மை அவரிடமே நீட்டி, "உங்கள் பெயரில் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள்.