மாதம் ஓரிரு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டால் குறைத்த எடை திரும்பி வந்துவிடுமா?

கேட்டவரின் நிலைமை இது: சில மாதங்களாகச் சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கி வருகிறார். மாதத்தில் ஓரிரு நாள் கல்யாணம், விருந்து என்று அளவு மீறிப் போகிறது. மறுநாள் காலை எடை பார்த்தால் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. பட்ட பாடெல்லாம் வீணா என்கிறார்.

வீணில்லை. அந்த ஒன்றரைக் கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான்.

ஒரு கிலோ கொழுப்பு உடம்பில் சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒன்றரைக் கிலோவுக்கு 11,500. இட்லி ஒன்றுக்கு 50 கலோரி என்று வைத்துக்கொண்டால், வழக்கமான மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு மேல் இன்னும் 230 இட்லி! எந்தப் பந்தியிலும் இது நடக்காது.

அப்படியானால் கூடியது என்ன? பெரும்பகுதி தண்ணீர். நாம் சாப்பிடும் மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கின்றன. ஒரு கிராம் கிளைகோஜனோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரும் ஒட்டிக்கொள்ளும். உணவைக் குறைத்திருப்பவருக்கு இந்தச் சேமிப்பு பாதி காலியாகத்தான் இருக்கும். ஒரு நாள் சோறும் பாயசமும் போளியும் போனதும் அது நிரம்பிக்கொள்கிறது. 300 கிராம் கிளைகோஜன் சேர்ந்தாலே தண்ணீரோடு 1,200 கிராம் ஆகிவிடும். அப்புறம் உப்பு. அப்பளம், ஊறுகாய், வத்தக்குழம்பு என்று ஒரே வேளையில் உப்பு ஏறினால் உடம்பு தண்ணீரைப் பிடித்துவைக்கும். இன்னும் குடலை விட்டு இறங்காத சாப்பாட்டின் எடையும் இருக்கிறது. பழைய அளவுக்குத் திரும்பினால் மூன்று நான்கு நாளில் இதெல்லாம் வடிந்துவிடும்.

தினமும் காலையில் எடை பார்த்துக் கைபேசியில் குறித்துவைப்பது என் வழக்கம். எங்களுடையது பெரிய குடும்பம். தை பிறந்தால் முகூர்த்தம், வளைகாப்பு, காதுகுத்து என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் என் வரைபடத்தில் ஒரு கூர் மேலே எழும்பி இறங்கியிருக்கும். மாதக் கோடு மட்டும் அதன்பாட்டுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் பாதிப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐ.சி.எம்.ஆர்.-தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு 2,110 கலோரி, பெண்ணுக்கு 1,660. ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம், இருவருக்கும் உட்கார்ந்த வேலை. கணவன் தினமும் 500 குறைத்துச் சாப்பிடுகிறார் என்று வைப்போம். வாரத்துக்கு 3,500 கலோரி குறையும், கிட்டத்தட்ட 450 கிராம் கொழுப்பு. அந்த வாரம் ஒரு நாள் காலை டிபன், மதியம் இலைச் சாப்பாடு, சாயங்காலம் ஒரு பலகாரம் என்று 3,500 கலோரி சாப்பிட்டுவிடுகிறார். மற்ற ஆறு நாளில் மிச்சம் பிடித்தது 3,000, அதில் விருந்து கொண்டுபோனது ஏறக்குறைய 1,400. அப்படியும் அந்த வாரம் 200 கிராம் குறைந்தே இருக்கிறார்.

மனைவியால் 500 குறைக்க முடியாது, 300 என்று வைப்போம். ஆறு நாளில் 1,800 மிச்சம். அதே மண்டபம், அதே இலை, அதே 3,500 கலோரி. அவருடைய தேவைக்கு மேல் போனது 1,840. அந்த வாரம் அப்படியே நின்றுவிடும். "அவர் நல்லாத்தான் சாப்பிடறார், அவருக்கு மட்டும் குறையுது" என்று பெண்கள் அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஒரு வாரம் நின்றாலும் மீதி மூன்று வாரங்கள் இருக்கின்றன. மாதத்துக்கு ஓரிரு முறை என்றால் வேகம் குறையும், திசை மாறாது.

திசையை மாற்றுவது சனி ஞாயிறு. திங்கள் முதல் வெள்ளி வரை 500, 500 என்று 2,500 சேர்த்துவைத்தால், வார இறுதியில் நாளுக்கு 1,250 கூடினாலே எல்லாம் போச்சு. அதற்கு விருந்தெல்லாம் வேண்டாம். சனிக்கிழமை ராத்திரி பரோட்டா சால்னா, ஞாயிறு மதியம் பிரியாணி, நாலு மணிக்கு டீயோடு பஜ்ஜி, இது போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. இதில் எதையும் யாரும் 'அளவு மீறினேன்' என்று கணக்கில் வைப்பதில்லை. பல மாதமாக எடை அசையவில்லை என்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வார இறுதியைத்தான்.

அடுத்த ஆபத்து மறுநாள். இரண்டு விதமாக வரும். ஒன்று, 'எப்படியும் கெட்டுப்போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கலாம்' என்பது. 1975-ல் ஹெர்மன், மேக் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடாக இருப்பவர்களில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு வேண்டிய அளவு ஐஸ்கிரீம் சாப்பிடச் சொன்னார்கள். மில்க் ஷேக் குடித்தவர்கள், எதுவும் குடிக்காத கட்டுப்பாட்டுக்காரர்களைவிட அதிகமாக ஐஸ்கிரீம் சாப்பிட்டார்கள். கட்டுப்பாடு இல்லாத சாதாரண ஆட்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு குறைவாகத்தான் சாப்பிட்டார்கள். கோட்டைத் தாண்டிவிட்டோம் என்ற எண்ணம் வயிறு சொல்வதையே கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

இன்னொன்று, மறுநாள் பட்டினி. காலையும் மதியமும் வெறும் மோர், சாயங்காலம் ஆறு மணிக்குக் கை நடுங்க வடைக்கடை முன்னால் நிற்பது. சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் இப்படிச் செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், கூடவே கூடாது. வழக்கமான டயட் சாப்பாட்டையே சாப்பிடுங்கள், அது போதும்.

சரி, 'சீட் டே (cheat day) வைத்தால் மெட்டபாலிசம் எகிறும்', அதாவது டயட்டை மறந்து ஒரு நாள் இஷ்டப்படி சாப்பிட்டால் உடம்பு சக்தியை எரிக்கும் வேகம் கூடும் என்று யூடியூபில் சொல்கிறார்களே? சாப்பாட்டைச் செரிக்கவே உடம்பு சக்தி செலவழிக்கிறது, உண்மைதான். ஆனால் அது சராசரியாகச் சாப்பிட்டதில் பத்தில் ஒரு பங்கு. 1,500 கூடுதலாகச் சாப்பிட்டு 150-ஐ எரித்ததற்கு விழா எடுக்க வேண்டியதில்லை.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். விருந்தில் ரசித்து ஒரு கை கூடுதலாகச் சாப்பிடுவதும், யாருக்கும் தெரியாமல் தனியாக, நிறுத்த முடியாமல், வயிறு வலிக்கும் வரை சாப்பிட்டுவிட்டுப் பிறகு வெட்கப்படுவதும் வேறு வேறு. இரண்டாவதாகச் சொன்னது, வாரத்துக்கு ஒரு முறையாவது என்று மாதக்கணக்கில் நடக்கிறதென்றால் டயட் அட்டவணை உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், சிகிச்சை இருக்கிறது.

மண்டபத்தில் நான் கடைப்பிடிப்பது ஒன்றே ஒன்று. சாம்பாரும் சோறும் வீட்டில் தினமும் கிடைக்கும், போளியும் கல்யாண ரசமும் கிடைக்காது. அதனால் சாம்பாருக்குச் சோறு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, போளி முழுசாக. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ' என்று பெரியம்மா நிற்கும்போது வாதாடாமல் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். காலையிலிருந்து பட்டினி கிடந்து பந்தியில் உட்காருவது மட்டும் வேண்டாம். முதல் ஐந்து நிமிடத்தில் வடையும் அப்பளமும் போன இடம் தெரியாது.

விருந்துக்குப் பிறகு நான்கு நாள் எடை மெஷினை மறந்துவிடுங்கள். ஐந்தாம் நாளும் இறங்கவில்லை என்றால், பந்தியை விட்டுவிட்டு அடுக்களையைப் பாருங்கள். சீர்ப் பலகாரம் என்று வந்த அதிரசமும் முறுக்கும் லட்டும் எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தீபாவளிக்கும் இதே கதைதான். அமெரிக்காவில் 195 பேரைப் பின்தொடர்ந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரையான விழாக்காலத்தில் சராசரியாகக் கூடியது 0.37 கிலோதான், ஆனால் அது அடுத்த சில மாதங்களில் இறங்கவே இல்லை. எங்கள் வீட்டில் பலகாரம் வந்த அன்றே பங்கு பிரித்துவிடுவோம். பக்கத்து வீடு, அலுவலகம், வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பிள்ளைகளின் டியூஷன் டீச்சர். நமக்கென்று ஆளுக்கு இரண்டு எடுத்துவைத்தால் போதும்.