ஸ்பென்ஸின் கிட்டாரில் மூன்று குரல்கள் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

பஹாமாஸ் இசைக்காரர்களைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ஜோசப் ஸ்பென்ஸைக் கேட்க ஆரம்பித்தேன். ஆறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறேன். விரல்களால் மீட்டும் ஃபிங்கர் ஸ்டைல் ஓரளவு கைவரும். ஆனால் ஸ்பென்ஸின் பாட்டை டேப் (எந்த ஸ்ட்ரிங்கில் எங்கே விரல் வைப்பது என்று எண்களால் எழுதிய குறிப்பு) பார்த்து வாசித்தால் சுரமெல்லாம் சரியாக விழுகிறது, பாட்டு மட்டும் செத்துக் கிடக்கிறது. கட்டைவிரல் வாசிக்கும் அடிக்குரல், பேஸ், எனக்கு அடங்கவே மாட்டேன் என்கிறது. எங்கே பிசகுகிறேன்?

இன்னொன்று. இவ்வளவு பெரிய கலைஞர் கொத்தனார் வேலை பார்த்துப் பிழைத்தார் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அந்த ஊரில் இசையை வைத்துச் சாப்பிடவே முடியாதா?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

நீங்கள் ஸ்பென்ஸைக் கிட்டார்க்காரராகவே கேட்கிறீர்கள், அங்கேதான் பிசகு. அவர் வாசித்தது மூன்று பேர் சேர்ந்து பாடும் பாட்டு. பஹாமாஸின் ஆன்ட்ரோஸ் தீவின் மேற்கே உள்ள ஆழமில்லாத கடலில் கடற்பஞ்சு எடுக்கப்போன படகுக்காரர்கள் பாடிவந்த முறை அது. ஒருவர் அடிகளைக் கட்டிக்கொண்டே போவார், அவரை ரைமர் என்பார்கள். ஒருவர் அடிக்குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பிடித்திருப்பார். இன்னொருவர் மேல்குரலில் பின்னுவார். மூவரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கமாட்டார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் இருப்பார். ஸ்பென்ஸ் 1910இல் அந்தத் தீவின் ஸ்மால் ஹோப் என்ற ஊரில் பிறந்தவர், இளவயதில் அந்தப் படகுகளில் போனவர். கட்டைவிரலுக்கு அடிக்குரல், மெல்லிய ஸ்ட்ரிங்குகளுக்கு மேல்குரல், வாய்க்கு ரைமர் என்று அவர் கையில் அது பிரிந்துவிட்டது. 1958இல் அதே தீவின் ஃப்ரெஷ் க்ரீக்கில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஆட்களுக்காக அவர் வாசிப்பதைக் கேட்ட, நாட்டார் இசையைப் பதிவுசெய்ய வந்த அமெரிக்கர் சாம் சார்ட்டர்ஸ், இரண்டு கிட்டார் ஒலிக்கிறது என்று நினைத்து இன்னொரு ஆளைத் தேடியிருக்கிறார்.

ஆகவே கிட்டாரை ஒரு வாரம் மூடிவையுங்கள். 1965இல் ஜோடி ஸ்டெக்கரும் பீட்டர் சீகலும் பஹாமாஸின் தலைநகரான நாசாவில் பதிவுசெய்து 1966இல் நான்சச் நிறுவனம் வெளியிட்ட இசைத்தட்டில் பிண்டர் குடும்பம் பாடுகிறது. ஸ்பென்ஸின் சகோதரி ஈடித், அவர் கணவர் ரேமண்ட், மகள் ஜெனீவா. அதில் அடிக்குரல் பாடும் ரேமண்டின் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு கூடவே பாடுங்கள். பாதத்தால் தாளம் போட்டபடி அடிக்குரல் வரி தடுமாறாமல் வந்தால்தான் கட்டைவிரலுக்கு வேலை கொடுக்கவேண்டும். இதைத் தாண்டிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் நீங்கள் நிற்கும் இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்.

இனி கிட்டார். ஸ்பென்ஸின் டியூனிங் டிராப் டி, பாட்டுகள் ஏறக்குறைய எல்லாமே டி-யில். அதாவது மிகத் தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்குவது. அப்படி இறக்கும்போது இழுவிசை ஏறக்குறைய 20 சதவீதம் குறைகிறது. 10 அல்லது 11 கேஜ் என்ற மெல்லிய செட் போட்டிருந்தால் அந்த ஸ்ட்ரிங் தொளதொளத்து, கட்டைவிரல் கொஞ்சம் அழுத்தினாலே ஃப்ரெட்டில் (கழுத்தின் உலோகக் கம்பியில்) பட்டு இரையும். பேஸ் அடங்கவில்லை என்று நீங்கள் சொல்வதில் பாதி இதுவாகத்தான் இருக்கும். சற்றுத் தடித்த 12-53 செட் போடுங்கள். அப்படியும் இரைந்தால் ஆறாவதை மட்டும் 56 ஆக மாற்றுங்கள். டியூன் செய்யும்போது டி-க்குக் கீழே இறக்கிவிட்டு மேலேற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி அப்படியே விட்டால் இரண்டு நிமிடத்தில் நழுவும். கழுத்தின் மேலுள்ள பாரம் குறைவதால் மற்ற ஐந்தும் ஒரு நூல் ஏறியிருக்கும், அவற்றையும் பார்த்துவிடுங்கள். ஆறாவதன் 7வது ஃப்ரெட்டும் திறந்த (விரல் வைக்காத) ஐந்தாவதும் ஒன்றாக ஒலிக்கவேண்டும்.

அடுத்த கண்ணி ஜி கார்டு. பழக்க தோஷத்தில் விரல் ஆறாவதன் 3வது ஃப்ரெட்டுக்குப் போகும், அங்கே இப்போது இருப்பது எஃப். ஜி 5வது ஃப்ரெட்டில் இருக்கிறது. மோதிரவிரலை அங்கே வைத்து அதன் அடிப்பக்கம் ஐந்தாவது ஸ்ட்ரிங்கைத் தொட்டு அணைக்கும்படி சாயுங்கள். நான்காவதும் மூன்றாவதும் திறந்தபடி, ஆள்காட்டி விரலால் முதல் இரண்டையும் 3வது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். ஏ7 வரும்போது கட்டைவிரல் ஐந்தாவதோடு நிற்கவேண்டும், ஆறாவது கூட ஒலித்தால் குழம்பிவிடும்.

கட்டைவிரலுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன். திறந்த நான்காவது ஸ்ட்ரிங்கிலிருந்து இறங்குங்கள்: ஐந்தாவதில் 4வது ஃப்ரெட், 2வது ஃப்ரெட், திறந்தது, ஆறாவதில் 5, 4, 2, திறந்தது. டி-யை ஷட்ஜமமாக வைத்தால் மேல் ச-விலிருந்து கீழ் ச வரை எட்டுச் சுரம். ஒவ்வொரு சுரத்துக்கும் பாதம் ஒரு தட்டு. மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஆரம்பியுங்கள். எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஏ-யிலிருந்து ஜி-க்குத் தாவுவது. ஏ திறந்த ஸ்ட்ரிங், அது ஒலிக்கும் நேரம் முழுக்க இடக்கை சும்மா இருக்கிறது. அந்த நேரத்திலேயே விரல் ஆறாவதன் 5வது ஃப்ரெட்டில் போய் உட்கார்ந்திருக்கவேண்டும்.

இது வந்ததும் மேல்குரல். முதல், மூன்றாம் ஸ்ட்ரிங்குகளை இரண்டு விரல்களால் ஒன்றாகக் கிள்ளுங்கள். மூன்றாவதில் 2, 4, 6, 7, 9 என்று ஏறும்போது முதலாவதில் 2, 3, 5, 7, 9. மேலே ஐந்து சோடிகள் ஏற, கீழே கட்டைவிரல் இறங்கட்டும். இரண்டும் எதிரெதிராக நகரும்போது ஸ்பென்ஸின் வாசனை முதல் முறையாக அடிக்கும். அமெரிக்க ஃபிங்கர் பிக்கிங் பழகியவர்கள் கட்டைவிரலை இரண்டு ஸ்ட்ரிங்குக்கு இடையே ஊசல்போல ஆடவிடுவார்கள். உங்கள் டேப் வாசிப்பும் அங்கேதான் சரிந்திருக்கும் என்பது என் ஊகம். ஸ்பென்ஸின் பேஸ் நடக்கும், நிற்கும், சில சமயம் மெலடிக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும். மாறாதது பாதம் மட்டுமே. இசைத்தட்டுகளில் அந்தத் தட்டல் நன்றாகவே கேட்கும். கட்டைவிரல் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் தவறட்டும், பாதம் அதற்காக நிற்கக்கூடாது.

டேப் என்பது அவர் ஒரு நாள் வாசித்த ஒரு சுற்றின் பதிவு, அடுத்த சுற்றில் அவரே அப்படி வாசிக்கவில்லை. அதில் ஒரு சுற்று எடுத்துக்கொண்டால் போதும். அவருடைய உறுமலையும் முணுமுணுப்பையும் தயவுசெய்து நகல் எடுக்காதீர்கள், கேட்கச் சகிக்காது. வரியைப் பாதியில் விட்டுவிட்டு மீதியைக் கிட்டாரிடம் கொடுக்கிறார் பாருங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வி. இசையை வைத்துப் பிழைத்தவர்கள் அங்கே உண்டு, ஆனால் அது நாசாவின் ஹோட்டல்களை நம்பிய பிழைப்பு. பிளைண்ட் பிளேக் என்ற பெயரில் பாடிய பிளேக் ஹிக்ஸ் ராயல் விக்டோரியா ஹோட்டலில் பல வருடம் பாஞ்சோ வாசித்தார். 1950களின் தொடக்கத்தில் மயாமியின் ஆர்ட் ரெக்கார்ட்ஸ் அவர் இசைத்தட்டுகளை வெளியிட்டது. பிற்காலத்தில் விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளுக்காகப் பாடினார். பயணிகள் வரும் இடத்துக்கே பாட்டும் இடம் மாறிக்கொண்டிருந்தது. 1929 புயலில் ஆன்ட்ரோஸ் அருகே மூழ்கிய பிரிட்டோரியா கப்பலைப் பற்றிய பாட்டைக் கட்டியவரும் அவர்தான். கேட் தீவில் பிறந்து எக்ஸூமா என்ற பெயரில் பாடிய டோனி மக்கே நியூயார்க் போனபின்தான் 1970இல் மெர்க்குரி நிறுவனம் அவர் முதல் தட்டை வெளியிட்டது. பஹா மென் குழுவினர் 'ஹூ லெட் தி டாக்ஸ் அவுட்' பாட்டுக்கு 2001இல் கிராமி வாங்கினார்கள். அந்தப் பாட்டின் மூலம் டிரினிடாட்காரருடையது என்பது வேறு கதை.

ஸ்பென்ஸின் கணக்கு வேறு. 1938இல் நோய் விழுந்து கடற்பஞ்சு பெரும்பாலும் அழிந்தது, ஆன்ட்ரோஸின் முக்கியமான தொழில் அதோடு போயிற்று. ஆட்கள் நாசாவுக்கும், போர்க்காலத்தில் அமெரிக்கப் பண்ணைகளுக்கும் கூலிக்குப் போனார்கள். ஸ்பென்ஸும் மனைவி லூயிஸும் அப்படிப் போனவர்கள். பிறகு கொத்து வேலை. 1959இல் ஃபோக்வேஸ் நிறுவனத்தின் தட்டு வந்தது, 1964இல் எலெக்ட்ரா நிறுவனத்தின் தட்டு, அமெரிக்காவில் சில கச்சேரிகள், அதன்பின்னும் நாசா வாழ்க்கைதான். 1984இல் காலமானார். அமெரிக்கக் கிட்டார்க்காரர் ரை கூடர் போன்றவர்கள் அவரைக் கேட்டுக் கற்றார்கள், அதனால் அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது உண்மை. ஆனால் பிளேக்கைப் போல தினமும் ஹோட்டலில் அதே பத்துப் பாட்டைப் பயணிகளுக்குப் பாடியிருந்தால் ஒவ்வொரு சுற்றும் வேறாக வாசிக்கும் இந்தக் கை மிஞ்சியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம். கொத்தனார் வேலைக்காக வருத்தப்படவேண்டாம். அந்த வேலைக்கு அன்று என்ன கூலி கிடைத்தது என்று வேண்டுமானால் வருத்தப்படலாம்.

பிண்டர் குடும்பத்துக்குப் பிறகு 1959 ஃபோக்வேஸ் தட்டைக் கேளுங்கள். முதலில் ஹெட்ஃபோனில், பாதத்தை மட்டும்.