செவ்வாய் டென்வர், ஞாயிறு சான் பிரான்சிஸ்கோ: ஐந்தாவது பிட்சரை இறக்கலாமா?

வணக்கம். உங்கள் ஃபேன்டசி பேஸ்பால் அணியில் (நிஜ வீரர்களின் ஆட்டக் கணக்கை வைத்து வாராவாரம் மோதும் விளையாட்டு) ஐந்தாவது பிட்சருக்கு, அதாவது பந்து எறிபவருக்கு, ஒரே வாரத்தில் இரண்டு ஸ்டார்ட் (ஆட்டத்தைத் தொடங்கி எறியும் வாய்ப்பு) இருக்கிறதே, இரண்டிலும் இறக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை டென்வரில் வேண்டாம். தினமும் அணியை மாற்றலாம் என்றும் எழுதியிருப்பதால் அன்று பெஞ்சில் வைத்துவிடுங்கள்.

டென்வர் மைதானமான கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது; கர்வ்பால் (வளைந்து இறங்கும் பந்து) வழக்கம்போல் வளையாது, அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். உங்கள் ஆள் கர்வ்பாலை நம்பியே பிழைப்பவர்.

கணக்கையும் பாருங்கள். மற்ற பிட்சர்கள் சேர்ந்து 30 இன்னிங்ஸில் 10 ரன் கொடுத்தால் இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் சராசரி ரன்; குறைவாக இருந்தால்தான் நல்லது) 3.00. இவர் 3 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்தால் அது 4.64 ஆகிவிடும். விப்பும் (ஒரு இன்னிங்ஸுக்கு ஹிட்டாலும், வாக் எனப்படும் நான்கு தவறான பந்தாலும் எத்தனை பேரை பேஸுக்கு விடுகிறார் என்ற கணக்கு) கூடவே கெட்டுப் போகும். போன வருடம் இரண்டு ஸ்டார்ட் ஆசையில் இதே தப்பைச் செய்தேன். செவ்வாய் இரவே அந்த வாரம் கையை விட்டுப் போனது, இன்னும் வலிக்கிறது.

ஞாயிறு வேறு கதை. சான் பிரான்சிஸ்கோ மைதானமான ஓரகிள் பார்க்கில் ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடிப்பது கடினம். ஆனால் முடிவைச் சனிக்கிழமை இரவு எடுங்கள். ஸ்ட்ரைக்அவுட்டில் (மூன்று ஸ்ட்ரைக்கில் மட்டையாளரை வெளியேற்றுவது) எதிராளியைவிட நாலைந்து பின்தங்கியிருந்தால் இறக்குங்கள். இ.ஆர்.ஏ., விப் இரண்டிலும் மயிரிழையில் முன்னே இருந்து, வாரத்துக்குக் குறைந்தபட்சம் எறிய வேண்டிய 20 இன்னிங்ஸ் வரம்பும் தாண்டியிருந்தால் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம், வெய்வரில் (யார் அணியிலும் இல்லாத வீரர்களின் பட்டியல்) ஆள் தேடும்போது வெற்றிக் கணக்கைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரைக்அவுட் விகிதத்திலிருந்து வாக் விகிதத்தைக் கழித்துப் பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.